வாக்குரிமை கேட்டவர் தோற்றார்: ஜமைக்காவின் 1944 தேர்தல்

1944 டிசம்பர் 14 அன்று ஜமைக்காவில் வாக்குப்பதிவு நடந்தது. சொத்து, வருமானம், படிப்பு, ஆண் பெண் என்ற எந்தத் தடையும் இல்லாமல், இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோரும் வாக்களித்த தேர்தல் அது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த கரீபியன் தீவுகளில் அப்படியொரு பொதுத்தேர்தல் நடந்தது அதுவே முதல் முறை. அந்த உரிமையை ஆறு ஆண்டுகளாக மேடைதோறும் கேட்டுவந்தது மக்கள் தேசியக் கட்சி. ஆனால் 32 இடங்களில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை ஐந்து. அதன் தலைவர் நார்மன் மேன்லி, கிழக்கு செயின்ட் ஆண்ட்ரூ தொகுதியில் தானே தோற்றுப்போனார். 22 இடங்களைப் பிடித்து வென்றது, தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத ஜமைக்கா தொழிலாளர் கட்சி. அதன் தலைவர் அலெக்சாண்டர் புஸ்தமாந்தே, மேன்லியின் உறவினர்.

வாக்கை வாங்கித் தரப் போராடியவரை வாக்காளர்கள் ஏன் கைவிட்டார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் ஒரு வாய்வீச்சுக்காரரிடம் மயங்கிவிட்டது என்ற விடை தலைநகர் கிங்ஸ்டனின் அன்றைய மேல்தட்டினரிடம் தயாராக இருந்தது. பின்னாளில் எழுதியவர்களில் சிலரும் அதைச் சற்று மென்மையான சொற்களில் திருப்பிச் சொன்னார்கள். அந்த விடை எனக்கு ஒப்புதல் இல்லை. கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், தங்களுக்கு நேர்ந்ததை எல்லாம் நினைவில் வைத்து, கணக்குப் பார்த்தே வாக்களித்தார்கள். அந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் 1938க்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் கொஞ்சம்.

ஜமைக்காவுக்கு ஒரு சட்டசபை பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. அது தோட்ட முதலாளிகளின் சபை. அடிமை முறையை ஒழிக்க லண்டன் முனைந்தபோது கடைசி வரை எதிர்த்து நின்றதும் அந்தச் சபைதான். 1865இல் மோரன்ட் பே என்ற ஊரில் பால் போகிள் தலைமையில் ஏழை விவசாயிகள் எழுந்தார்கள். ஆளுநர் எயர் இராணுவச் சட்டம் போட்டு நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். அந்தக் கலவரத்தின் அச்சத்தில் சட்டசபை தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் மெல்ல மெல்ல வாக்குரிமை பெற்று ஒருநாள் சபையைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தைவிட, எல்லா அதிகாரத்தையும் லண்டனிடம் ஒப்படைத்துவிடுவது மேல் என்று வெள்ளை முதலாளிகள் நினைத்தார்கள். 1866 முதல் ஆளுநர் வைத்ததே சட்டம் என்ற ஆட்சி நடந்தது. பிற்பாடு ஆளுநரின் கீழிருந்த சட்டசபைக்கு மாவட்டத்துக்கு ஒருவர் என 14 பேரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். ஆனால் வரி கட்டும் சொத்தோ குறிப்பிட்ட வருமானமோ உள்ளவர்களுக்கே வாக்கு. 1919இல் பெண்களுக்கும் வாக்கு வந்தது. அவர்களுக்கு நிபந்தனைகள் இன்னும் கடுமை. 1930களின் நடுவில்கூட மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வாக்காளர் பட்டியலில் இல்லை.

இதன் பொருள் என்ன என்பதை மார்கஸ் கார்வியின் கதை காட்டும். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கரீபியன் எங்கும் இலட்சக்கணக்கான கறுப்பர்களை ஒரு கொடியின் கீழ் திரட்டியவர் அவர். தாயகம் திரும்பி, கட்சி தொடங்கி, 1930இல் சட்டசபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அவருடைய கூட்டங்களுக்குத் திரண்டவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

1938: கூலியும் குண்டும்

உலகப் பொருளாதார மந்தத்தில் சர்க்கரை விலை விழுந்தது. வாழைத் தோட்டங்களைப் பனாமா வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. முன்பு பஞ்சம் வந்தால் கியூபாவுக்கோ பனாமாவுக்கோ கப்பலேறலாம். இப்போது அந்த நாடுகள் ஜமைக்காக்காரர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. வேலையில்லாதவர்கள் கிங்ஸ்டனில் குவிந்தார்கள். அடிமை முறை முழுவதும் ஒழிந்து நூறாண்டு நிறையும் 1938 ஆகஸ்ட் நெருங்கியது. நூறாவது ஆண்டில் நிலம் பிரித்துக் கொடுக்கப்படும், அது விக்டோரியா ராணி தந்த வாக்கு என்ற பேச்சு கிராமங்களில் பரவியிருந்தது. உண்மையில் அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. ஆனால் நிலத்துக்காக ஒரு நூற்றாண்டாகக் காத்திருந்தவர்களின் ஏக்கம் அந்தப் பேச்சில் இருந்தது.

மேற்கே வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டத்தில் ஃப்ரோம் என்ற இடத்தில் டேட் அண்ட் லைல் நிறுவனம் பெரிய சர்க்கரை ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு டாலர், அதாவது நான்கு ஷில்லிங், கூலி என்று செய்தி பரவத் தீவெங்கிலுமிருந்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். வந்து பார்த்தால் வேலையும் எல்லோருக்கும் இல்லை, கூலியும் அவ்வளவு இல்லை. ஏப்ரல் இறுதியில் வேலைநிறுத்தம் மூண்டது. மே 2 அன்று போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். மூன்று வாரத்துக்குள் கிங்ஸ்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மே 23 அன்று நகரமே முடங்கியது.

அலெக்சாண்டர் புஸ்தமாந்தே அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டார். 1884இல் ஹனோவர் மாவட்டத்தில் கிளார்க் என்ற குடும்பப் பெயரோடு பிறந்தவர். கியூபா, பனாமா, நியூயார்க் என்று சுற்றிவிட்டு 1934இல் புதிய பெயரோடு ஊர் திரும்பி, கிங்ஸ்டன் டியூக் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழில் நடத்தினார். கடன் வாங்க வந்தவர்களின் கதைகளைக் கேட்டே தீவின் நிலை அவருக்குப் பாடமாகியிருக்க வேண்டும். கூலி, பசி, வீடு ஆகியவை பற்றிப் பத்திரிகைகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். ஆள் உயரம், தலைமுடி சிலிர்த்து நிற்கும், குரல் இடிபோல. துப்பாக்கி ஏந்திய போலீசுக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டி நின்றார் என்று ஜமைக்காவில் இன்றும் சொல்கிறார்கள். மே 24 அன்று அவரைக் கைது செய்தார்கள்.

அடுத்து நடந்ததை 1944இன் வாக்காளர்கள் மறந்திருக்க வழியில்லை. துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு தர முதலாளிகள் இறங்கிவந்தார்கள். தலைவரை வெளியே விட்டால்தான் வேலைக்குத் திரும்புவோம் என்று தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். மே 28 அன்று புஸ்தமாந்தே விடுதலையானார். அன்றன்றைக்கு வேலை கிடைத்தால்தான் சாப்பாடு என்ற நிலையிலிருந்தவர்கள், கைக்கு வந்த காசை ஒதுக்கிவைத்துத் தங்கள் ஆளை மீட்டார்கள்.

அவரை வெளியே கொண்டுவர ஆளுநரிடமும் முதலாளிகளிடமும் பேசியவர் நார்மன் மேன்லி. ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்றவர், தீவின் முதன்மை வழக்கறிஞர். வாழைப்பழ ஏற்றுமதியில் ஒரு தாருக்கு ஒரு சென்ட் வீதம் கிராம நலத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியை 1937இல் ஒப்புக்கொள்ள வைத்து, அந்தப் பணத்தில் ஜமைக்கா வெல்ஃபேர் என்ற அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். பேராசை பிடித்த ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து அப்படி ஒரு நிதியைக் கறந்தது சாதாரணக் காரியம் இல்லை. 1938 செப்டம்பர் 18 அன்று கிங்ஸ்டன் வார்டு தியேட்டரில் மக்கள் தேசியக் கட்சி பிறந்தது. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் மேடையில் இருந்தார். புஸ்தமாந்தேயும் அப்போது அந்தக் கட்சியில்தான் இருந்தார்.

அதாவது தொடக்கத்தில் வேலைப் பிரிவினை ஒன்று இருந்தது. புஸ்தமாந்தேயிடம் சங்கம், மேன்லியிடம் கட்சி. சங்கத்துக்குப் பெயரே புஸ்தமாந்தே தொழிற்சங்கம். அவரே ஆயுட்காலத் தலைவர் என்று விதி எழுதப்பட்டது. கட்சியில் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வழக்கறிஞர்கள், ஓரளவு நிலமுள்ள விவசாயிகள். இரண்டும் ஒரே இயக்கமாக நீடித்திருந்தால் 1944 தேர்தலில் போட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

பிளவு

போர் தொடங்கியதும் ஆளுநர் ஆர்தர் ரிச்சர்ட்ஸ் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1940 செப்டம்பரில் புஸ்தமாந்தேயைக் காவலில் வைத்தார். விசாரணை எதுவும் இல்லாமல் பதினேழு மாதம் கிங்ஸ்டனில் ‘அப் பார்க்’ என்ற இராணுவ முகாமில் அடைபட்டுக் கிடந்தார். அந்தக் காலத்தில் சங்கத்தைக் கட்டிக் காத்தவர்கள் மேன்லியும் அவருடைய கட்சித் தோழர்களும். உறுப்பினர் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது. 1942 பிப்ரவரியில் வெளியே வந்த புஸ்தமாந்தே, தன் சங்கத்தைத் தன்னிடமிருந்து பறிக்கச் சதி நடந்தது என்று குற்றம் சாட்டி, நிர்வாகிகளை நீக்கி, கட்சியோடு உறவை முறித்தார். இயக்கத்தை உடைக்கவே ஆளுநர் அந்த நேரத்தில் அவரை விடுவித்தார் என்ற ஐயம் வரலாற்றாசிரியர்களிடம் உண்டு. அவர் விடுதலையான சில மாதங்களில் மேன்லி கட்சியின் இடதுசாரி அமைப்பாளர்களான கென் ஹில், ஃப்ராங்க் ஹில், ரிச்சர்ட் ஹார்ட், ஆர்தர் ஹென்றி ஆகிய நால்வரையும் அதே ரிச்சர்ட்ஸ் உள்ளே தள்ளினார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சதி நடந்ததா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. சாதாரணத் தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்களுக்காக ஜெயிலுக்குப் போனவர் திரும்பி வந்திருக்கிறார், சங்கம் யாருடையது என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அவர்கள் எப்படி விடை சொல்வார்கள் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சில மாதங்களில் பெரும்பாலான தொழிலாளர்கள் அவர் பக்கம் போனார்கள். 1943 ஜூலையில் அவர் தொடங்கிய ஜமைக்கா தொழிலாளர் கட்சிக்குத் தனி அமைப்பு என்று எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. சங்கத்தின் கிளைகளே கட்சியின் கிளைகள், சங்கத்தின் கூட்டமே கட்சியின் கூட்டம்.

லண்டன் கொடுத்ததும் கொடுக்காததும்

1938 கலவரங்களை விசாரிக்க மொய்ன் பிரபு தலைமையில் வந்த ஆணையத்தின் அறிக்கையை, ஜெர்மனியின் பிரசாரத்துக்குத் தீனியாகிவிடும் என்று பயந்து, 1945 வரை முழுமையாக வெளியிடாமல் வைத்திருந்தது பிரிட்டன். தன் ஆட்சியின் கீழ் மக்கள் வாழ்ந்த நிலை வெளியே தெரிந்தால் எதிரிக்கு ஆயுதமாகும் என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் அது. இன்னொரு பக்கம், 1940இல் போர்க்கப்பல்களுக்கு மாற்றாகக் கரீபியனில் அமெரிக்காவுக்குத் தளங்கள் கொடுக்கப்பட்டன. ஜமைக்காவிலும் அமெரிக்க வீரர்கள் இறங்கினார்கள். ஜனநாயகத்துக்காகப் போர் என்று பேசிக்கொண்டே பக்கத்துத் தீவில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் வாக்களிக்கும் ஆட்சியைத் தாங்கிப் பிடிப்பது வாஷிங்டனுக்குச் சங்கடம். உள்ளே நெருக்கடி, வெளியே நெருக்கடி. 1943 பிப்ரவரியில் காலனிகள் அமைச்சர் ஆலிவர் ஸ்டான்லி, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கோரிக்கையை ஏற்றார். இலங்கைக்கு இதே காலனி அலுவலகம் 1931இலேயே இந்த உரிமையைக் கொடுத்திருந்தது. அதன் பிறகும் கரீபியனுக்குக் கொடுக்கப் பதின்மூன்று ஆண்டு எடுத்தது.

1944 நவம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தை வாசித்துப் பார்த்தால் வாக்குரிமைக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருந்த தூரம் விளங்கும். கீழ்சபையில் 32 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். மேல்சபை முழுக்க நியமனம். நிர்வாகக் குழுவில் கீழ்சபை தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர், அரசு அதிகாரிகள் மூவர், நியமன உறுப்பினர் இருவர், தலைமை ஆளுநருக்கு. ஐந்துக்கு ஐந்து. இழுபறி வந்தால் ஆளுநர் கை ஓங்கும். அதற்கும் மேலே, அவசியம் என்று கருதினால் சபையை மீறிச் செயல்பட அவருக்குச் சிறப்பு அதிகாரம் இருந்தது. மக்கள் பிரதிநிதிகள் ஐவரையும் அமைச்சர்கள் என்று அழைத்தார்கள். ஆனால் துறைகளை நடத்தியவர்கள் வெள்ளை அதிகாரிகளே. அதே ஆண்டு ஜூலையில், பேரரசைக் கலைக்க மாட்டோம் என்ற சர்ச்சிலின் நிலைப்பாட்டைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியதற்காக எழுத்தாளர் ரோஜர் மெய்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. வாக்குச்சீட்டைக் கையில் கொடுக்கும் ஆண்டிலேயே பேனாவுக்கு விலங்கு.

இந்த ஏற்பாட்டைச் சுயாட்சிக்கான படிக்கட்டு என்று மேன்லி எடுத்துக்கொண்டார். சட்டமறிந்தவர் என்ற முறையில் அது சரியான பார்வைதான். ஆனால் கரும்பு வெட்டும் ஒருவருக்கு அந்தப் படிக்கட்டின் அடுத்த படி என்ன தரும்? ஐந்துக்கு ஐந்து குழுவில் உட்காரப் போகிறவர் சுயாட்சி பற்றி அழகாகப் பேசுவது முக்கியமா, கூலி உயரும்வரை மேசையைத் தட்டுவது முக்கியமா? அதிகாரம் பாதிகூட வராத நிலையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததை அறியாமை என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த அரசியல் சட்டத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்பேன்.

பிரசாரம்

தேர்தலுக்கு நான்கு மாதம் முன், ஆகஸ்ட் 20 அன்று, பெரும் சூறாவளி ஒன்று தீவைத் தாக்கியது. வாழை மரங்களில் பத்துக்கு ஒன்பது சாய்ந்தன, தென்னையில் ஐந்தில் இரண்டு பங்கு போனது. போரால் விலைவாசி ஏறியிருந்தது, கப்பல் போக்குவரத்து குறைந்திருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் வாக்குக் கேட்டுப் போனவர்கள் கூரை இழந்த வீடுகளுக்கு முன்னால் நின்று பேசினார்கள். தொழிலாளர் கட்சி கூலி, வேலை, சாப்பாடு என்று பேசியது. மக்கள் தேசியக் கட்சி அவற்றையும் பேசியது; ஆனால் அதன் பேச்சு தேசம், சுயாட்சி, சோஷலிசம் என்று விரிந்தது. 1940இலேயே தன்னைச் சோஷலிசக் கட்சியாக அறிவித்துக்கொண்டிருந்ததால், இவர்கள் வந்தால் நிலம் போகும், கோயில் போகும் என்று எதிரிகள் பயமுறுத்தவும் வசதியாக இருந்தது. வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் ஜமைக்கா ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் தனியாகக் களமிறங்கினார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஓர் இடமும் கிடைக்கவில்லை.

புஸ்தமாந்தேயின் கூர்மையான ஆயுதம் வேறொன்று. மேன்லி கேட்கும் சுயாட்சி வந்தால் பழுப்பு நிறத்தவர்கள், அதாவது கலப்பினத்தவர்கள், உங்களை ஆள்வார்கள், அது மறுபடியும் அடிமைத்தனம் என்று அவர் பேசினார். 1943 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 12,37,000. அதில் 78 சதவீதம் கறுப்பர்கள், 17 சதவீதத்துக்குச் சற்று அதிகம் கலப்பினத்தவர், வெள்ளையர் ஒரு சதவீதத்தை ஒட்டி. நடுத்தர வேலைகள், கடைகள், அலுவலகங்கள் பெரும்பாலும் வெளிர் நிறத்தவர் கையில். புஸ்தமாந்தேயும் வெளிர் நிறத்தவர்தான். இருந்தும் அந்தப் பேச்சு எடுபட்டது.

அது வெறும் நிறவெறிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவர் அதைப் பயன்படுத்திய விதம் நேர்மையானது என்றும் நான் சொல்ல மாட்டேன். மேன்லியின் கட்சி அடிமை முறையைக் கொண்டுவரும் என்பது அபத்தம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர்களின் நினைவில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். தீவின் உள்ளூர் சபை தோட்ட முதலாளிகளின் சபையாக இருந்தது. அடிமை முறையைக் கடைசி வரை காப்பாற்ற நினைத்தது அந்தச் சபை. சட்டம் போட்டு ஒழித்தது லண்டன் பாராளுமன்றம். ‘உள்ளூர் ஆட்சி’ என்பது அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் சவுக்கின் ஆட்சி. நூறு ஆண்டுகளில் அந்த நினைவு அழிந்துவிடாது. உள்ளூர்ப் பெரிய மனிதர்களிடம் அதிகாரம் போவதைச் சந்தேகத்தோடு பார்க்க ஏழைக்கு வரலாறே காரணம் கொடுத்திருந்தது. மேன்லியின் கட்சி அந்தச் சந்தேகத்தை எதிர்கொள்ளத் தயாராகப் போகவில்லை. சுயாட்சி நல்லது என்பது தானாக விளங்கும் என்று நம்பிவிட்டது.

எண்கள் சொல்வது

பட்டியலில் இருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 6,63,000 பேர். வாக்களித்தவர்கள் சுமார் 59 சதவீதம். பதிவான வாக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று செல்லாதது. வாழ்நாளில் முதல் முறை வாக்குச்சீட்டைத் தொட்டவர்கள் பெரும்பாலோர் என்பதால் இதில் வியப்பில்லை. வாக்கு கிடைத்ததும் தீவே சாவடிக்கு ஓடியது என்ற படம் பொருந்தாது. ஐந்தில் இரண்டு பேர் வரவே இல்லை.

தொழிலாளர் கட்சிக்கு 41 சதவீதம், மக்கள் தேசியக் கட்சிக்கு 23.5 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவே பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஓர் எண் இருக்கிறது: சுயேச்சைகள் வாங்கிய வாக்கு சுமார் 30 சதவீதம். இடங்களில் அவர்களுக்கும் ஐந்து. அதாவது மேன்லியின் கட்சியைவிடச் சுயேச்சைகளுக்கு அதிக வாக்கு. ஆசிரியர், மருத்துவர், வட்டாரத்துப் பெரியவர் என்று ஆளைப் பார்த்து வாக்களிக்கும் பழைய வழக்கம் தீவில் இன்னும் உயிரோடு இருந்தது. மக்கள் தேசியக் கட்சி எல்லாத் தொகுதிகளிலும் வேட்பாளரை நிறுத்தவும் இல்லை. ஆறு ஆண்டு வயதான கட்சிக்கு, நகரத்துக்கும் படித்த வட்டாரத்துக்கும் வெளியே வேர் அவ்வளவுதான் இறங்கியிருந்தது. மறுபக்கம், 41 சதவீத வாக்கு 22 இடங்களானது, அதாவது சபையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற முறையில் எதிரணி வாக்குகள் சிதறும்போது வழக்கமாக நடப்பதுதான் இது. தோல்வி பெரிதுதான், ஆனால் தீவு முழுதும் புஸ்தமாந்தே பின்னால் நின்றது என்று படிப்பதும் தவறு.

புஸ்தமாந்தே மேற்குக் கிங்ஸ்டனில் வென்றார். செயின்ட் ஜேம்ஸ் மாவட்டத்தில் அவருடைய கட்சியின் ஐரிஸ் காலின்ஸ் வென்று சபைக்குள் போன முதல் பெண் ஆனார். மேன்லி இல்லாத சபையில் எதிர்க்கட்சிக்குத் தலைமை ஏற்றவர் ஐவன் லாயிட் என்ற மருத்துவர்.

இதே வடிவம் அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் தீவுகளிலும் திரும்ப வந்தது என்பது என் வாதத்துக்குத் துணை. ஆன்டிகுவாவில் 1951இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தலில், வியர் பேர்ட் தலைமையிலான தொழிற்சங்கத்தின் கட்சி எட்டுக்கு எட்டும் பிடித்தது. அதே ஆண்டு கிரெனடாவில், சில மாதங்களுக்கு முன் பெரும் வேலைநிறுத்தம் நடத்திய எரிக் கெய்ரியின் கட்சி எட்டில் ஆறு. தீவுக்குத் தீவு ஏழைகள் ஏமாந்தார்கள் என்று சொல்வதைவிட, யார் தங்கள் கூலிக்காக வீதியில் நின்றார்களோ அவர்களுக்கே முதல் வாக்கைக் கொடுத்தார்கள் என்று சொல்வது நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும். அந்தத் தலைவர்களில் சிலர் பின்னாளில் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விவகாரம். புஸ்தமாந்தேயும் தன் சங்கத்தில் தன்னை எதிர்த்து ஒரு குரல் எழ விட்டவர் இல்லை. 1946இல் கிங்ஸ்டன் மனநல மருத்துவமனையில் எதிர்க்கட்சிச் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தை முறிக்க அவரே ஆட்களோடு போனார். மோதலில் உயிர் போனது. அவர்மீது வழக்கு நடந்து விடுதலையானார். ஜமைக்காவின் கட்சிச் சண்டைகளில் இரத்தம் கலந்த நீண்ட வரலாற்றுக்கு அது முற்பகுதி.

தோற்றவர்கள் என்ன கற்றார்கள் என்பதில்தான் 1944இன் முழு விளைவு தெரிகிறது. மேன்லி அரசியலை விட்டு வழக்கறிஞர் அறைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர்களை அழைத்துப் பேச வைத்து அனுப்பினால் போதாது, அவர்களுடைய சங்கமே கட்சியின் தளமாக வேண்டும் என்பது புரிந்தது. ஹில் சகோதரர்களும் ஹார்ட்டும் ஹென்றியும் தொழிற்சங்க கவுன்சில் என்ற கூட்டமைப்பின் மூலம் புஸ்தமாந்தே சங்கத்துக்குப் போட்டியாகக் கிளைகளைக் கட்டினார்கள். 1949 டிசம்பர் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 17 இடம், மக்கள் தேசியக் கட்சிக்கு 13. வாக்கு எண்ணிக்கையிலோ மேன்லியின் கட்சி 43.5 சதவீதத்தோடு ஒரு மயிரிழை முன்னால். சுயேச்சைகள் இரண்டு இடத்துக்குச் சுருங்கினார்கள். மேன்லி இந்த முறை வென்று சபைக்குள் நுழைந்தார். ஐந்தாண்டு கழித்து, 1955 ஜனவரியில், 18 இடங்களோடு ஆட்சியையும் பிடித்தார்.

1949இல் புஸ்தமாந்தே மேற்குக் கிங்ஸ்டனில் நிற்கவில்லை. கரும்புத் தொழிலாளர்கள் நிறைந்த கிளாரண்டனுக்குத் தொகுதி மாறிப்போனார். நகரத்து ஏழைகளின் அந்த மேற்குக் கிங்ஸ்டனை வென்றவர், 1942இல் ரிச்சர்ட்ஸ் காவலில் வைத்த நால்வரில் ஒருவரான, மேன்லி கட்சியின் தொழிற்சங்கத் தலைவர் கென் ஹில்.